அப்பா கைதட்டிய கோல்

என் அத்தை மகன் எங்கள் டீமுக்கு எதிராகக் கோல் போட்டபோது என் அப்பா கைதட்டினார். ஸ்டேடியத்தில் இருந்த அத்தனை பேரில் அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். அப்போது எனக்குப் பத்து வயது.

அது எவ்வளவு பெரிய குற்றம் என்று விளங்க வேண்டுமானால் எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்டின் டவுனில் ஃபுட்பால் பிடிக்காத ஆண்களும் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. எங்கள் டீம் சூப்பர் டிவிஷனில் ஆடியது. பெங்களூரில் அதற்கு மேல் டிவிஷன் கிடையாது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்கள் டீம் ஆடும் நாளில் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும், அவர்கள் தொண்ணூறு நிமிஷம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். கேலரியில் அவருக்கென்று ஒரு கூட்டம் இருந்தது. அதில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் வெல்டிங் பட்டறை அண்ணன். இன்னொருவர் பேக்கரி அங்கிள். பேக்கரி அங்கிளுக்குக் கூட்டத்தில் மரியாதை அதிகம், ஏனென்றால் அவர் மகன்தான் எங்கள் டீமின் லெஃப்ட் பேக், இடது பக்கத் தடுப்பு.

அப்பாவின் தங்கை பெங்களூரிலேயே ஜீவனஹள்ளியில் இருந்தாள். அத்தையின் கணவர் லாரி ஓட்டுபவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவர்களுடைய ஒரே மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஜீவனஹள்ளிப் பையன்கள் சேர்ந்து நடத்திய ஒரு டீமில் ரைட் விங் ஆடினான். சி டிவிஷன், எங்களுக்கு மூன்று படி கீழே. பதினொரு பேர் ஜெர்சியும் மஞ்சள்தான், ஆனால் ஒருவர் மஞ்சள்போல் இன்னொருவர் மஞ்சள் இருக்காது.

எனக்கு அவனைப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அவன் நேரே எங்கள் வீட்டுக்கு வருவான். அப்பா உடனே நாற்காலிகளை ஒதுக்கி, சமையலறையில் இருக்கும் டம்ளர்களையெல்லாம் தரையில் பரப்புவார். இந்த டம்ளர் சென்டர் ஃபார்வர்ட், அந்த டம்ளர் ஸ்டாப்பர். இருவரும் குப்புறப் படுத்துக்கொண்டு மத்தியானம் வரை டம்ளர்களை நகர்த்துவார்கள். எனக்கு அந்த விளையாட்டில் ஒரே ஒரு வேலை இருந்தது. டம்ளர் குறைந்தால் நான் போய் எடுத்து வர வேண்டும். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு அப்பா அவனுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். நானும் சந்தில் பந்து உதைப்பவள்தான். நான் உதைத்தால் அப்பா, "பாத்து, முட்டி பேந்துடப் போவுது" என்பார். அதோடு சரி.

அந்த வருஷம் கோப்பைப் போட்டியில் சீட்டுக் குலுக்கியபோது எங்களுக்கு எதிராக ஜீவனஹள்ளி வந்தது. கேலரியில் சிரிப்புத்தான். வெல்டர் அண்ணன் அப்பாவின் தோளைத் தட்டி, "உன் தங்கச்சி பையனை ஓரமா நின்னுக்கச் சொல்லு குரு, அடி கிடி பட்டுடப் போவுது" என்றார். அவருக்கு எல்லோரும் குருதான்.

"இன்னிக்கு அவன் எனக்கு யாரோ" என்றார் அப்பா.

அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அப்பாவுக்குப் பின்படியில் ஏறி நின்றுகொண்டேன். அங்கே நின்றால் என் கண்ணும் அவர் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும்.

முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். இன்னும் நாலு போட்டிருக்கலாம்; அலட்சியம். இரண்டாம் பாதியில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, ஒன்றுக்கு ஒன்று. கேலரியில் சிரிப்பு நின்றது. அப்பா ரெஃப்ரியின் குடும்பத்தாரை ஒவ்வொருவராக விசாரிக்க ஆரம்பித்தார். ஆட்டம் முடிய மூன்றோ நாலோ நிமிஷம் இருக்கும்போதுதான் அது நடந்தது.

தடுப்பில் நின்ற ஜீவனஹள்ளி ஸ்டாப்பர் பயத்தில் ஒரு பந்தைத் தூக்கி அடித்தான். அது வலது ஓரமாக வந்து விழுந்தது. என் அத்தை மகன் கோலுக்கு முதுகைக் காட்டியபடி ஓடி வந்தான். பேக்கரி அங்கிள் மகன் அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தான். பந்தை நிறுத்துவான் என்று எல்லோரும் நினைத்தோம். நிறுத்தவில்லை. இரண்டு காலுக்கும் நடுவே போக விட்டு, இவன் எதிர்ப்பக்கமாகத் திரும்பினான். லெஃப்ட் பேக் புல்லில் உட்கார்ந்துவிட்டான். எங்கள் கோலி வெளியே ஓடி வந்தான். அவன் தலைக்கு மேலே, என் அத்தை மகன் இடது காலால், கரண்டியில் மோரை அள்ளுவதுபோல் பந்தை மெல்லத் தூக்கிவிட்டான். அது அவசரப்படாமல் இறங்கி, ஒரு தரம் தரையில் குதித்து உள்ளே போனது.

கூட்டம் முழுக்கத் தலையில் கை வைத்துக் குனிந்தது. வெல்டர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. வயிற்றுக்கு நேரே அவருடைய இரண்டு கைகளும் ஒன்றையொன்று தொட்டன. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். சத்தமே இல்லை. அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. ஸ்கூல் ஓட்டப் பந்தயத்தில் நான் இரண்டாவதாக வந்தபோது அவர் ஒரு லிஃப்டுக்குள் இருந்தார்.

அடுத்த நொடி கைகள் பேண்ட் பாக்கெட்டுக்குள் போய்விட்டன. எல்லோரையும்விடச் சத்தமாக, "டிஃபென்ஸாடா இது, த்தூ!" என்று கத்தினார்.

நாங்கள் தோற்ற ஒரு மணி நேரத்திலேயே ஜீவனஹள்ளிக்காரர்கள் ஒரு டெம்போவில் தப்பட்டை அடித்துக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போனார்கள். ஸ்டேடியத்திலிருந்து ஜீவனஹள்ளிக்குப் போக எங்கள் தெருவுக்கு வரவே வேண்டியதில்லை. அப்பா ஜன்னலைச் சாத்தினார். சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டார். "அவனுங்க தோத்ததுக்கு நான் ஏன் கொழம்பைக் கொட்டணும்?" என்று அம்மா கேட்டாள். அத்தை போன் செய்தாள். அப்பா எடுத்து, சொந்தத் தங்கையிடம் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. அத்தை மகன் வருகிற நேரத்துக்குச் சரியாக, எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாகச் சொல்லி அப்பா கிளம்பிவிட்டார். போன் ஒன்றும் வந்திருக்கவில்லை. அது அம்மாவுக்கும் தெரியும். அத்தை கொடுத்தனுப்பிய பிரியாணித் தூக்கோடு அவன் வந்தான். அம்மா டீ போட உள்ளே போனாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மாமா பாத்தாரா?"

"என்னாத்த?"

"அதான்... செகண்ட் கோல்."

அவன் குரலில் கர்வம் இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. கர்வம் இல்லை. ஆசை இருந்தது. அந்த ஆசை எனக்குத் தாங்கவில்லை.

"இல்லியே. பெனால்டி போட்டதுமே அப்பா எழுந்து வெளிய போயிட்டாரு" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். டீ வந்தது. குடித்துவிட்டு, "சரி அத்தை, வரேன்" என்று போய்விட்டான். அவன் போன பிறகு பிரியாணியில் இருந்த பெரிய துண்டுகளையெல்லாம் நான்தான் சாப்பிட்டேன்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். புதன்கிழமை அப்பாவின் டைரியில் பேனா தேடப் போய், ஒரு காகிதத் துண்டைப் பார்த்தேன். கன்னடப் பேப்பரில் வந்த நாலு வரிச் செய்தி. ஓரம் கோணாமல் பிளேடால் வெட்டியிருந்தார். அத்தை மகனின் பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. எனக்கு ஸ்கூலில் கொடுத்த ஓட்டப் பந்தய சர்ட்டிஃபிகேட் எங்கே என்று எனக்குத் தெரியும். அது ஷெல்ஃபில் ஊறுகாய் ஜாடிக்கு அடியில், எண்ணெய் படாமல் இருக்க விரித்திருந்தது. அதை விரித்தது அம்மா. ஆனால் அன்றைக்கு என் கணக்கில் அந்த எண்ணெய்க் கறையும் அப்பா மேலேயே விழுந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், பிரெட் வாங்கிக்கொண்டு அப்பாவையும் கூட்டி வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். கிரவுண்டுக்கு எதிரே டீக்கடையில் கூட்டம் நின்றிருந்தது. ஒரு வாரம் ஆகியும் அதே பேச்சு. அப்பா வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். தோளில் டூல்ஸ் பை.

"அது கோலே இல்ல மச்சா. கால்ல பட்டு தானா போச்சு" என்றார் வெல்டர் அண்ணன்.

"ஆமா, சும்மா லக்கு" என்றார் அப்பா. "நம்ம பையன் வழுக்கிட்டான், அவ்ளோதான்."

பேக்கரி அங்கிள் தலையை ஆட்டினார். தன் மகனுக்காகச் சொன்னது என்று அவருக்குப் புரிந்தது. அப்பாவின் கிளாஸில் தன் டீயிலிருந்து கொஞ்சம் ஊற்றினார்.

"அப்போ நீங்க ஏன்ப்பா கை தட்டினீங்க?" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாப்பா என்னா சொல்லுது?" என்றார் வெல்டர் அண்ணன்.

"செகண்ட் கோலுக்கு. அப்பா கை தட்டினாரு. மூணு தரம். நான் பாத்தேன்."

அப்பா இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். பத்து வயதுப் பெண்ணின் பேச்சை யார் பெரிதாக எடுக்கப் போகிறார்கள்? அவர் டூல்ஸ் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். வெல்டர் அண்ணன் சிரித்தார். "தங்கச்சி பையன் இல்ல, அதான். அடுத்த மேட்சுக்கு அந்தப் பக்கம் போய் உக்காரு குரு, மஞ்ச சட்டை தருவானுங்க." அவர் சிரித்ததோடு விட்டுவிட்டார். பேக்கரி அங்கிள் சிரிக்கவில்லை.

"எம் பையன் கீழ கெடந்தான்" என்றார் அவர். "ஒரு வாரமா வீட்டை விட்டு வெளிய வரல. நீ கை தட்டினியா?"

"அது இல்ல..." என்றார் அப்பா. அங்கிள் கிளாஸை மேடையில் வைத்துவிட்டுப் போனார்.

ஜீவனஹள்ளி அடுத்த சுற்றிலேயே நாலு கோல் வாங்கி வெளியேறியது. கூட்டம் ஒரு மாதத்தில் அப்பாவை மறுபடி சேர்த்துக்கொண்டது. பேக்கரி அங்கிள் மட்டும் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் கடையிலிருந்து கேக் வரவில்லை. அதற்கடுத்த வருஷம் வந்தது. அத்தை மகன்தான் வருவதைக் குறைத்துக்கொண்டான். மாமா தன் ஆட்டத்தைப் பார்க்காமல் எழுந்து போனார் என்று அவன் நினைத்தான். ஜெயித்ததும் பையனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று அப்பா நினைத்தார். இரண்டையும் சரி செய்ய என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. பல வருஷம் அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னபோது அவன் வேறு ஊரில் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான், ஆடுவதை விட்டிருந்தான். "அப்படியா?" என்று மட்டும் கேட்டான்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை, டீக்கடையிலிருந்து வீட்டுக்கு நடந்தபோது நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன்.

தெரு விளக்குகள் அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தன. அப்பா முன்னால் நடந்தார். எந்த விளக்குக் கம்பத்தடியில் அடி விழும் என்று எண்ணிக்கொண்டே நான் பின்னால் போனேன். எங்கள் சந்து முனையில் நின்று திரும்பினார். நான் பிரெட்டை மார்போடு பிடித்துக்கொண்டேன்.

"அப்போ நீ நல்லா பாத்துட்டுதான் இருந்தே" என்றார்.

பிரெட்டை இன்னும் இறுக்கினேன்.

"அவன் திரும்பினான் பாரு. எப்படி இருந்துச்சி?"

அவர் குரலில் கோபமே இல்லை. டீக்கடையில் நடந்ததையெல்லாம் அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வந்தவர்போல் கேட்டார். எனக்கு அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு செய்தும் அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. அவனைப் பற்றித்தான் பேசுகிறார்.

"நான் கோலைப் பாக்கல. உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றேன். கோலை முழுசாகப் பார்த்திருந்தேன்.

"அடடா" என்றார் அப்பா, நிஜமான வருத்தத்தோடு. "அதைப் போய் விட்டுட்டியே."

சாக்கடை ஓரமாக ஒரு காலி தண்ணீர் பாட்டில் கிடந்தது. அதைக் காலால் இழுத்து நடுத் தெருவுக்குக் கொண்டுவந்தார். தோளில் டூல்ஸ் பையோடு, இரும்பு முனை வைத்த வேலை ஷூவோடு, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். குதிகாலால் பாட்டிலை இரண்டு காலுக்கும் நடுவே உருட்டிவிட்டு எதிர்ப்பக்கமாகத் திரும்பினார். பை ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் இடித்தது. அவர் நிற்கவில்லை. இரண்டு எட்டு ஓடி, இடது காலால் பாட்டிலைத் தூக்கினார். அது முழங்கால் உயரம் எழும்பி, ஒரு வீட்டு கேட்டில் பட்டு விழுந்தது. உள்ளிருந்து யாரோ கன்னடத்தில் "யாரது?" என்று அதட்டினார்கள். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

ஒரு வாரமாக அந்தக் கோலை வாயைத் திறந்து நல்லது என்று சொல்ல அவருக்கு ஆஸ்டின் டவுனில் ஓர் ஆள் இல்லை. கூட்டத்திடம் முடியாது, அம்மாவுக்குப் புரியாது, போட்டவனிடமே போக ரோஷம் விடவில்லை. மிச்சம் இருந்தது நான்தான், பந்தைப் பார்க்கத் தெரிந்தவள். அதற்காகத்தான் நடுத் தெருவில் ஆடினார். எனக்கோ, அவர் அங்கேயும் அவனைத்தான் ஆடிக் காட்டுகிறார் என்று பட்டது.

"கால் வலிக்குதுப்பா, போலாம்" என்றேன்.

"ஆமா ஆமா, லேட் ஆவுது" என்றார் அப்பா. பாட்டிலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நசுங்கிப்போயிருந்த பிரெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.