லீலா தமிழில் திட்டிய நாள்

புனேயில், ஹடப்சரில் குடியிருக்கும் லீலாவுக்கு ஒரு வசதி உண்டு. மனதில் பட்டதை, பட்ட இடத்திலேயே, சம்பந்தப்பட்டவர் முன்னாலேயே சொல்லிவிடலாம். தமிழில் சொன்னால் போதும். காய்கறிக் கடையில் நின்றுகொண்டே, "தராசுத் தட்டுல விரலை வெச்சு அழுத்தறான் பாருங்க, திருட்டுப் பய" என்று கணவன் ரவிசந்திரனிடம் சொல்வாள். கடைக்காரர் அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்து, கொசுறாக நாலு மிளகாய் போடுவார். அவள் வரவேற்பில் உட்காரும் பல் ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். எதிரே கன்னம் வீங்கிப்போய் ஒருவர் காத்திருக்க, வேலூரில் இருக்கும் அக்காவுக்கு போனில், "இந்த ஆளு வாயைத் திறந்தா டாக்டரே மயங்கி விழுந்துடுவாரு" என்பாள். கல்யாணமாகி புனே வந்த நாளிலிருந்து இதே பழக்கம். ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை.

சும்மா சொல்லக்கூடாது, லீலா கெட்டவள் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் வயிறு நிறையப் போட்டுத்தான் அனுப்புவாள். மாமனாரின் முழங்கால் வலிக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பதும், நாத்தனாரின் பிரசவத்துக்கு லீவு போட்டுக்கொண்டு ஓடியதும் அவள்தான். ஆனால் பொறாமை என்று ஒன்று வந்துவிட்டால் அவளைக் கட்டிப்பிடித்து நிறுத்த முடியாது. அதிலும் ஓரகத்தி ஸ்ரீவித்யாவின் பெயரைச் சொன்னாலே வயிற்றில் அடுப்பு பற்றிக்கொள்ளும்.

ஸ்ரீவித்யா கோயம்புத்தூர்க்காரி. கொழுந்தன் ஹரீஷைக் கட்டிக்கொண்டு புனே வந்தவள். விமான் நகரில் வீடு, அங்கேயே ஆபீஸ். அவள் லீலாவுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் லீலாவுக்குப் பெரிய கஷ்டம். ஏதாவது செய்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்று வருகிறவளை என்னவென்று திட்டுவது?

இந்த மே மாதம் குடும்பத்தையே அந்தமானுக்குக் கிளப்பியதும் ஸ்ரீவித்யாதான். மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம் என்று ஒருவர் விடாமல் ஹேவ்லாக் தீவில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். முதல் நாள் காலை எல்லோருக்கும் ஒரே நீல நிறத்தில் டீஷர்ட் கொடுத்தாள். லீலா தன்னுடையதைப் பிரித்தபோது, அளவாவது தப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். தைத்து வைத்த மாதிரிப் பொருந்தியது. "அம்ருதாகிட்ட கேட்டுத்தான் வாங்கினேங்க்கா" என்றாள் ஸ்ரீவித்யா.

அம்ருதா. அங்கேதான் இருந்தது விஷயமே. லீலாவின் ஒரே பெண். விமான் நகரில் டிசைன் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. ஹடப்சரிலிருந்து தினமும் முண்ட்வா பாலத்து நெரிசலில் ஏன் அல்லாட வேண்டும், எங்கள் வீட்டிலேயே இருந்து படிக்கட்டுமே என்று ஸ்ரீவித்யா கேட்டிருந்தாள். அம்ருதாவுக்கு அங்கே தனி அறையே தயார். ரவிசந்திரனுக்கும் சம்மதம். மாமனார் கேட்கவே வேண்டாம், "நல்ல யோசனை" என்றுவிட்டார். பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது லீலா மட்டும். அனுப்பிவிட்டால் பெண் திரும்பி வரமாட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது. சனி ஞாயிறு வருவாள், சாப்பிடுவாள், துணி எடுத்துக்கொண்டு போவாள். மகளாக வரமாட்டாள், விருந்தாளியாக வருவாள்.

இரண்டாம் நாள் காலை எலிஃபன்ட் பீச்சுக்குப் படகில் கிளம்பினார்கள். படகோட்டி முப்பது வயதுக்காரன், வெயிலில் கறுத்த முகம், ஹிந்தியில் மரியாதையாகப் பேசி ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஏற்றினான். இளவட்டமெல்லாம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. லீலாவும் ரவிசந்திரனும் பின்னால், எஞ்சினுக்குப் பக்கத்தில். அவர்கள் முதுகுக்குப் பின்னால் படகோட்டி.

முன்னால் அம்ருதா சித்தியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். சித்தியின் முதுகில் வெயில் கிரீம் தடவினாள். சித்தி ஏதோ சொன்னாள், இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டில் "அம்மா, ப்ளீஸ், தலை வலிக்குது" என்பதைத் தவிர வேறு பேச்சே வராத பெண்.

லீலாவுக்குப் பொறுக்கவில்லை.

"பாத்தீங்களா. என் கையால ஒருநாள் தலை வாரிக்க மாட்டா. அவளுக்கு முதுகு தேச்சு விடறா."

"விடு லீலா" என்றார் ரவிசந்திரன்.

"என்னத்தை விடறது? உங்கப்பா நம்ம வீட்டு பால்கனில நின்னா பனி ஒத்துக்கலைம்பாரு. இங்க நடுக்கடல்ல உக்காந்து விசிலடிக்கிறாரு. எல்லாரையும் மயக்கி வெச்சிருக்கா."

"மெதுவாப் பேசு. பின்னாடி ஆள் இருக்கு."

"இவனுக்கு என்ன புரியப் போகுது?" எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று லீலா குரலை இன்னும் உயர்த்தினாள். "நான் சொல்றேன் கேட்டுக்குங்க. தனக்குன்னு ஒண்ணு பெத்துக்கத் துப்பில்ல. அடுத்தவ பெத்து வளத்ததை நோகாம தூக்கிட்டுப் போகலாம்னு பாக்கறா. என் வயிறு எரியறது அவளை சும்மா விடாது."

ரவிசந்திரன் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஸ்ரீவித்யா ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. அது லீலாவுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். சொன்னதும் கொஞ்சம் ஆறினாற்போல் இருந்தது.

கரை வந்தது. எல்லோரும் குதித்து ஓடினார்கள். கடைசியாக லீலா ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள்.

"பாத்து இறங்குங்கக்கா. அந்தக் கல்லு பாசி, வழுக்கும்."

லீலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கால் படகில், ஒரு கால் தண்ணீரில், அப்படியே நின்றாள்.

"நீங்க... தமிழா?"

"ஆமாக்கா. பாலச்சந்திரன். போர்ட் பிளேர்லதான் பொறந்தேன். அப்பா ராமநாதபுரம் பக்கம். இங்க நம்ம ஆளுங்க நெறைய இருக்காங்க."

"இவ்வளவு நேரம் பேசவே இல்லியே?"

"நீங்க ஹிந்தில பேசினீங்க, நானும் ஹிந்தில பேசினேன்" என்றான். முகத்தில் கோபமும் இல்லை, நக்கலும் இல்லை. நங்கூரக் கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கரையில் கும்மாளம் தொடங்கிவிட்டது. வாழைப்பழ வடிவ ரப்பர் படகில் மாமனாரை நடுவில் உட்காரவைத்து இழுத்துப் போனார்கள். அவர் நடுத்தண்ணீரில் கவிழ்ந்து, லைஃப் ஜாக்கெட்டில் மிதந்துகொண்டு இன்னொரு ரவுண்டு கேட்டார். முழங்கால் தண்ணீரில் கபடி நடந்தது. மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவர் வேலை பார்த்தார். அம்ருதாவும் ஸ்ரீவித்யாவும் ஒரே கட்சி. லீலாவைக் கூப்பிட்டார்கள். தலை வலிக்கிறது என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவனுக்கு எல்லாம் கேட்டிருக்குங்க" என்றாள் ரவிசந்திரனிடம்.

"நான்தான் மெதுவாப் பேசுன்னு சொன்னேனே."

"இப்ப என்ன பண்றது?"

"போய் அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை தப்பாப் பேசிட்டேன்னு சொல்லிடு. முடிஞ்சுது."

அதுதான் அவளால் முடியாது. படகோட்டியிடம் போய்ப் பல்லிளிப்பதா? பார்வையை மட்டும் அவனைவிட்டு எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் தமிழ் பேசுவது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஸ்ரீவித்யாவுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. நேரே அவனிடம் போய்விட்டாள். இரண்டு பேரும் படகுக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். அலைச் சத்தத்தில் ஒரு சொல்லும் இங்கே கேட்கவில்லை. ஸ்ரீவித்யா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அவன் கையை நீட்டி, நேராக லீலா இருந்த மரத்தடியைக் காட்டி என்னவோ சொன்னான். ஸ்ரீவித்யா திரும்பிப் பார்த்தாள். முகம் வாடியிருந்தது.

லீலா முடிவே கட்டிவிட்டாள். சொல்லிவிட்டான். இனி மாமனாருக்குத் தெரியும், நாத்தனாருக்குத் தெரியும். அதெல்லாம் போகட்டும், அம்ருதாவுக்குத் தெரிந்துபோகும். சித்தியை இப்படிப் பேசியவள் என்று பெண் ஒரு பார்வை பார்ப்பாளே, அந்தப் பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஸ்ரீவித்யா மணலில் விறுவிறுவென்று நடந்து வந்தாள். ஏதோ விஷயம் என்று நினைத்து அம்ருதாவும் பின்னாலேயே வந்தாள். ஸ்ரீவித்யா வாயைத் திறப்பதற்குள் லீலா எழுந்து நின்றாள்.

"வித்யா, நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். நான் சொல்லிடறேன். அம்ருதா உங்க வீட்லயே இருந்து படிக்கட்டும். படிப்பு முடியறவரைக்கும் இருக்கட்டும். உன்னைவிட யாரு அவளை நல்லாப் பாத்துப்பாங்க? நீயும் அவளுக்கு அம்மாதான்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நாத்தனாருக்கும் கொழுந்தனுக்கும் மாமியாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். இவ்வளவு பெரியதைக் கொடுத்தால், பேசிய அந்த ஒரு பேச்சு அழிந்துவிடாதா என்ற நப்பாசை.

ஸ்ரீவித்யாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "அக்கா" என்றபடி கையிலிருந்ததை நீட்டினாள். பாதியாக நறுக்கிய எலுமிச்சம்பழம்.

"நான் இதைக் குடுக்கத்தானுங்க்கா வந்தேன். படகை விட்டு எறங்கறப்பவே அந்த அக்காவுக்கு மொகம் சரியில்ல, கடல் ஒத்துக்கல போலன்னு அவருதான் சொல்லிக் குடுத்துவிட்டாரு. மோந்து பாருங்க, சரியாப் போயிரும்."

"வேற?" என்றாள் லீலா.

"வேற என்னங்க்கா?"

"வேற ஒண்ணும் சொல்லலியா அவன்?"

"புனேல தமிழாளுங்க நெறைய இருக்காங்களான்னு கேட்டாரு. அவ்வளவுதான்."

லீலா எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டாள். தூரத்தில் பாலச்சந்திரன் படகிலிருந்து தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குள் அம்ருதா பாய்ந்து அம்மாவை இறுகக் கட்டிக்கொண்டாள். ஈர உடம்பு, உப்பு வாசம். எத்தனையோ நாளாக லீலா ஏங்கியிருந்த அணைப்பு அது. அவளும் பெண்ணின் முதுகில் கைபோட்டு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, யூ ஆர் தி பெஸ்ட். நீ நோ சொல்லுவேன்னு நான் நினைச்சேன்" என்றாள் அம்ருதா. பிறகு கையை எடுக்காமலே, அம்மாவின் தோளுக்கு மேலாகத் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"சித்தி, திரும்பிப் போனதும் நான் ஏர்போர்ட்லேர்ந்து டைரக்டா உங்க வீட்டுக்கே வந்துடவா?"