கீரைக் கொல்லை மேல் சிவப்புக் கட்டம்

1. முதல் ரன்

காற்று மாசைக் கணக்கிடும் வேலையில், கும்மிடிப்பூண்டியில் என் முதல் புராஜெக்ட்டே தலைவலியோடுதான் ஆரம்பித்தது. தொழிற்பேட்டை ஆலைகள் பாய்லருக்குப் புது பர்னர் மாட்டி நைட்ரஜன் ஆக்சைடைப் பாதியாக்கினால் ஓசோன் எவ்வளவு குறையும்? கம்ப்யூட்டர் மாடலில் ஓட்டிச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் ஓசோன் குறைந்தால் நீலம், கூடினால் சிவப்பு. திருவள்ளூர் பக்கம் நீலம். தொழிற்பேட்டையை ஒட்டி மட்டும் பளிச்சென்று சிவப்பு.

பாஸ் ஸ்கிரீனைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இன்னாய்யா இது? புகைய கொறைச்சா ஓசோன் ஏறுதா? இன்புட்ட மாத்திப் போட்டுட்டியா?"

மறுபடி ஓட்டினேன். அதே சிவப்பு. தரையோரம் பயிரைக் கெடுக்கும் இந்த ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வருவதில்லை. நைட்ரஜன் ஆக்சைடும் பெயிண்ட், தின்னர் ஆவியும் வெயிலில் சேர்ந்து உண்டாவது. ஆனால் பாய்லருக்குப் பக்கத்தில், அதில் ஒரு வகையான, அப்போதுதான் வெளியே வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்னவும் செய்யும். ஆவியை அப்படியே விட்டு இதை மட்டும் குறைத்தால், தின்ன ஆள் குறைந்து, அங்கே ஓசோன் ஏறிவிடும்.

2. தேவகி அக்கா

சிவப்புக் கட்டத்துக்குள்தான் தேவகி அக்காவின் கீரைக் கொல்லை. எங்கள் ஓசோன் மீட்டரும் அவருடைய மோட்டார் ஷெட் கூரையில்தான் இருந்தது. ஓசோன் பட்டுப் பாலக் இலையெல்லாம் வெளிறிய புள்ளி. வியாபாரி கட்டுகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கூரை என்னுது, கரெண்டு என்னுது. நீ சொகுசா படம் பாத்துகினு கீற. உன் மிஷினு இன்னாதான் சொல்லுது தம்பி? மறுபடி வெதைக்கட்டா, வுட்டுடட்டா?"

"ஆவியயும் சேத்துக் கொறைச்சா தேறும்க்கா. மீட்டிங்ல கேக்கறேன்."

3. மீட்டிங்

இரண்டையும் குறைத்து ஓட்டியதும் அக்காவின் கட்டம் நீலமானது. படத்தோடு ஆலைக்காரர்கள் கூட்டத்துக்குப் போனேன். பாய்லர் விவரம் எல்லோரிடமும் பக்காவாக இருந்தது. மூடியில்லாமல் கிடக்கும் தின்னர் டிரம்மைப் பற்றி யாரிடமும் ஒன்றுமில்லை.

"எங்க ஷெட்டுல புகைபோக்கியே இல்லியேப்பா. இல்லாத புகைய எப்பிடி கொறைக்கிறது?" என்றார் பெயிண்டிங் யூனிட் மேனேஜர்.

"வாசன வருதுல்ல சார்?"

"அது வாசனப்பா! அதுக்கும் பர்னர் மாட்டணுமா?"

ஹாலே சிரித்தது. பர்னர் மட்டும் பாஸானது. ஆவியைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

4. மாடல் ஜெயித்தது

பர்னர் மாட்டிய பிறகு வந்த கோடையில், அக்காவின் கூரை மீட்டர் நான் சொன்ன மாதிரியே ஏறியது. "கரெக்டா பிடிச்சிட்டியே!" என்று பாஸ் தோளில் தட்டினார்.

மீட்டரைக் கழற்றப் போனபோது கொல்லையில் செம்மண் கொட்டி, லாரிகள் நின்றிருந்தன. அக்கா நிலத்தை பார்க்கிங்குக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

"மீட்டர எட்துனு போ தம்பி. லாரிக்கு எலயும் கெடயாது, புள்ளியும் வுழாது."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, புகைபோக்கியோடு நின்றுவிடாதீர்கள். திறந்து கிடக்கும் டிரம்மையும் போய்ப் பாருங்கள். எதைக் குறைக்கிறார்கள் என்பதோடு, எதை விட்டுவைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். நான் கேட்டேன். இன்னும் சத்தமாகக் கேட்டிருக்கலாம்.

அடுத்த ரன்னுக்கான டேட்டாவை நான்தான் டைப் செய்தேன். அக்காவின் கட்டத்தில் 'பயிர்' என்பதை அழித்துவிட்டு, 'டீசல் புகை' என்று போட்டேன்.