ராஜாக்கண்ணு மலையேத்தின படகு

ராஜாக்கண்ணு எனக்கு அம்மான் மவன். முறைப்படி நான் கட்டியிருக்க வேண்டியவன். பதினேழு வயசுல புளி மூட்டையோட ஒடுகத்தூர் சந்தைக்குப் போனவன் அப்படியே பட்டணத்துக்கு ஓடிட்டான். எத்தினி வருசம் பாக்கறது? என்னைப் பக்கத்து ஊரு குப்பனுக்குக் கட்டி வெச்சுட்டாங்க. அப்பால அவன் திரும்பி வந்த லட்சணத்தப் பாத்ததும், தப்பிச்சோம் சாமின்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

மத்தவங்க பட்டணத்துல இருந்து வந்தா பித்தளக் குடம், ரவிக்கத் துணின்னு கொண்டாருவாங்க. இவன் ஒரு படகக் கொண்டாந்தான். வெள்ளக்காரன் சண்டை முடிஞ்சு மூணு வருசம் இருக்கும். பன்னெண்டு முழ நீளத்துக்கு மரப்படகு. அடிவாரம் மட்டும் லாரியில வந்துச்சு. அங்கிருந்து எங்க புதூர்நாட்டுக்கு அப்ப ஏது ரோடு? பங்காளி, மாமன், மச்சான்னு நாப்பது பேரு மூங்கில் கட்டித் தூக்கினாங்க. வழியில ஒரு ஊருல, எந்தச் சாமிக்கு வாகனம்னு கேட்டுத் தேங்கா ஒடச்சாங்க. அடுத்த ஊருல ரெண்டு கெழவிங்க யாரு செத்தாங்கன்னு கூடக் கேக்காம ஒப்பாரியே வெச்சுட்டாங்க.

தூக்கினவங்கள்ல முன்னால நின்னவன் கருப்பன். பின்னால ராஜாக்கண்ணு கட்டிக்கின பாஞ்சாலைக்குக் கூடப் பொறந்த அண்ணன். ஊட்டாண்ட எறக்கி வெச்சதும் கேட்டான்.

"ஏன் மாப்பிள, நம்ம மலைல குளிக்கவே தண்ணி இல்ல. இத எங்க உடப்போற?"

"உடறதுக்கு இல்ல மச்சான். என் உசுரக் காப்பாத்தின படகு இது."

அவன் சொன்ன கதை இதுதான். ரங்கூன்ல இருந்து ஜனங்கள ஏத்தியாந்த கப்பல்ல இவன் சமையக்காரனுக்கு எடுபிடி. நடுக்கடல்ல குண்டு உழுந்து கப்பல் முழுவிப் போச்சாம். பக்கத்துல தொங்கின இந்தப் படகுல இருவத்தேழு பேரு ஏறி, ரெண்டு நாள் கழிச்சுக் கரை சேந்தாங்களாம். "துடுப்பு போட்டது யாரு? நான்தான்" ம்பான். சண்டை முடிஞ்சதும் துறைமுகத்துல அத ஒடச்சு வெறகாக்கப் பாத்தாங்களாம். இவன் கெஞ்சிக் கேட்டு வாங்கியாந்துட்டானாம்.

ஒருத்தரும் நம்பல. முப்பது வருசத்துக்கு மேல நம்பல. கல்யாணப் பந்தில ஒக்காந்தா கருப்பன் எட்ட இருந்து சத்தம் குடுப்பான்: "எங்க மாப்பிளைக்கு இன்னொரு கரண்டி வைங்கடா, துடுப்பு போட்ட கை!" மவனுக்குப் பொண்ணு கேக்கப் போன எடத்துல, "படகுப் புளுகன் வூடா?"ன்னு கேட்டுப்புட்டாங்க. அன்னிக்கு அவன் சோறு திங்கல. "நான் சாவறதுக்குள்ள ஒருத்தனாவது நெசம்னு சொல்லணும் பாஞ்சாலை"ன்னு பொலம்பிக்கினே கெடந்தான்.

பாஞ்சாலை கெட்டிக்காரி. படகக் கொட்டாயில வெச்சு சாமையக் கொட்டி வெச்சா. அத்தாப் பெரிய குதிரு சுத்துப்பட்டுல யாரு வூட்டுலயும் கெடையாது.

எம்பத்திரண்டுல இருக்கும். காவலூர்ல நட்சத்திரம் பாக்கற ஆபீசுல வேலை செய்யற சேட்டுன்னு ஒருத்தன், சாமை வாங்க வந்தான். படகு மூக்குல வெள்ளப் பெயிண்டுல இருந்த நம்பரப் பாத்துட்டு, சீட்டுல எழுதிக்கினு போயி பட்டணத்து மியூசியத்துக்குக் காயிதம் போட்டான். பதிலு வந்துச்சு. அந்தப் படகுல வந்த தலைமை மாலுமி எழுதின நோட்டு மியூசியத்துல கீதாம். படகத்தான் ரொம்ப நாளாத் தேடறாங்களாம். அதிகாரி வர்ற வரைக்கும் பத்திரமாப் பாதுகாத்து வைக்கணும்னு எழுதியிருந்துச்சு. சேட்டு ரெண்டு தரம் படிச்சுக் காட்டினான். ராஜாக்கண்ணு குலுங்கிக் குலுங்கி அழுதான். அப்பால, முடி வெட்டிக்கினு புதுச் சட்டை வாங்கியாரேன்னு திருப்பத்தூருக்குப் போயிட்டான்.

பத்திரமா வைக்கறதுன்னா எங்களுக்கா சொல்லணும்? வருசா வருசம் குதிருக்குச் செய்யறதுதானே? நானு, பாஞ்சாலை, கருப்பன் பொண்டாட்டி ரத்தினம்மாள், அவ தங்கச்சி, நாலு பேரும் சாமைய அள்ளிட்டு, சாணியும் செம்மண்ணும் கொழச்சு உள்ளயும் வெளியயும் கட்டியா மெழுகினோம். வெளிம்புல சுண்ணாம்புப் பொட்டும் வெச்சோம். அம்மாம் அழகு!

காஞ்ச மறுநாளு காலைல ஜீப்பு வந்துச்சு. அதிகாரி பேரு கோபால்சாமி. வெள்ளச் சட்டை, மூக்குக் கண்ணாடி. அதே ஜீப்புல புதுச் சட்டையோட ராஜாக்கண்ணும் வந்து எறங்கினான்.

"படகு எங்கம்மா?"

"கண்ணு முன்னால கீதே சார்" ன்னா பாஞ்சாலை. "இனிமே கறையான் கிட்டயே வராது."

அதிகாரி அப்படியே கல்லு மேல ஒக்காந்துட்டாரு. "நம்பர் எங்கம்மா? அது இல்லாம இதுதான் அந்தப் படகுன்னு நான் எப்படி எழுதுவேன்?"

கருப்பன் கனைச்சான். "உடு மாப்பிள. கடலுதான் இல்லன்னு பாத்தேன், இப்பப் படகும் இல்ல."

ராஜாக்கண்ணுக்கு வந்துச்சே ஆங்காரம்! மம்முட்டியத் தூக்கிக்கினு படகச் சொரண்ட ஓடினான். அதிகாரி "ஐயோ, பெயிண்டு போயிரும்"னு கத்திக்கினே குறுக்க பாஞ்சு படகக் கட்டிக்கினாரு. வெள்ளச் சட்டையெல்லாம் செம்மண்ணு.

"நவுருங்க எல்லாரும்" ன்னா பாஞ்சாலை. "பழைய மெழுக்க எடுக்க எங்களுக்குத் தெரியும். ஈரச் சாக்கு போடணும்."

நாங்க குடம் குடமாச் சொமந்தோம். மலைக்கு வந்த நாளாத் தண்ணியே காணாத படகு அன்னிக்குத்தான் நனஞ்சுது. மத்தியானம் சாக்க எடுத்து வெரலால நெம்பினா, தோசை மாதிரி ஏடு ஏடா வந்துச்சு. அடியில ஒவ்வொரு எழுத்தா வெள்ளையாத் தெரிய, அதிகாரி கைல இருந்த சீட்டப் பாத்து ஒத்துப் பாத்தாரு. கடைசி எழுத்தும் வந்ததும், "இதேதான்!"னு குதிச்சாரு.

ராஜாக்கண்ணு கிட்ட போனான். "அந்த நோட்டுல என் பேரு கீதா சார்?"

அதிகாரி நகலு எடுத்தாந்த தாளப் பொரட்டினாரு. "இருபத்தி மூணாவது பேர். ராஜாக்கண்ணு, சமையல் உதவி."

கருப்பன் தொறந்த வாய மூடல. ராஜாக்கண்ணு நெஞ்ச நிமித்தினான். "பக்கத்துல இன்னும் ரெண்டு வரி கீதே, அதையும் படிங்க."

"அது வேணாங்க."

"சத்தமாப் படிங்க சார். எங்க மச்சான் கேக்கட்டும்."

அதிகாரி தொண்டையச் செருமிக்கினாரு. "ரெண்டு நாளும் ஓயாத வாந்தி. பாவம்னு துடுப்பக் குடுத்தோம். அதையும் கடல்ல விட்டுட்டான்."

சாணியில உழுந்து பொரண்டு சிரிச்சான் கருப்பன். ஊரே சிரிச்சுது. நானுந்தான். ராஜாக்கண்ணு புதுச் சட்டை பித்தானத் திருகிக்கினு நின்னான். பாஞ்சாலை மட்டும் செம்மண்ணுக் கையோட அண்ணன் எதுருல போய் நின்னா.

"இன்னா சிரிப்பு அண்ணே? வாந்தி எடுக்கறதுக்காவது எங்கூட்டுக்காரரு அந்தப் படகுல இருந்தாரா இல்லியா? மொதல்ல அதச் சொல்லு."

கருப்பன் கண்ணத் தொடச்சுக்கினு எழுந்தான். "இருந்தாரு தாயி."

"இன்னொரு தரம் சொல்லு மச்சான்" ன்னான் ராஜாக்கண்ணு.