நூறு எண்ணும் வரை

பெரியப்பா குடும்பம் கனடாவிலிருந்து வேலணைக்கு வந்து இறங்கிய அன்றே எங்கள் வீட்டு யன்னல்களுக்கெல்லாம் கறுத்த துணி அடித்துவிட்டார்கள். அவர்களுடைய மகளுக்கும் என்னைப் போல எட்டு வயது. வெயில் அவளுக்கு ஆகாதாம். பகலில் வெளியே வரக்கூடாதாம். கையுறை வேறு. எல்லாம் வெளிநாட்டு எடுப்பு என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

எனக்கோ வீட்டுக்குள் கால் தரிக்காது. விடுமுறை முழுவதும் இருட்டறையில் அவளோடு தாயம் விளையாடு என்றால் எப்படி? எழும்புவேன், கதவடிக்குப் போவேன், திரும்பி வந்து இருப்பேன், மறுபடி எழும்புவேன். ஐந்தாம் நாள் மத்தியானம், பெரியவர்கள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, யன்னல் துணியின் ஒரு மூலையைக் கழற்றினேன்.

"வெயிலெண்டால் உனக்குப் பயமே?"

"இல்லை," என்றாள்.

"அப்ப கையை வெளியில நீட்டு. நான் நூறு எண்ணுமட்டும்."

கையுறையைக் கழற்றி நீட்டினாள். வேண்டுமென்றே மெதுவாக எண்ணினேன். பாதியில் இழுத்துக்கொள்வாள் என்று பார்த்தால், அவள் விரல்களை விரித்து விரித்து மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நூறு ஆயிற்று. கை அப்படியே இருந்தது.

"பாத்தியே, ஒண்டும் நடக்கேல்லை," என்றேன்.

எண்ணும் சத்தத்துக்கு எழும்பி வந்து வாசலில் பெரியம்மா நின்றார். ஏச்சு விழப்போகிறது என்று தோளைக் குறுக்கினேன். அவர் ஏசவில்லை. ஓடிவந்து துணியை இழுத்து மூடி, அந்தக் கையைத் தன் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டார்.

"எத்தினை மட்டும் எண்ணினனீ?"

"நாப்பது," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

பின்னேரம் பெரியப்பா என்னைப் பக்கத்தில் இருத்திச் சொன்னார். "வெயில் எல்லாற்றை தோலிலயும் உள்ளுக்குள்ள காயம் போடும். எங்கட உடம்பில ஒவ்வொரு சின்ன உயிர்க்கலமும் அந்தப் பழுதைத் தேடிப் பிடிச்சு, வெட்டியெடுத்து, ஒட்டுப் போட்டிடும். இவளின்ரை உடம்புக்கு அது ஏலாது."

எனக்கு அழுகை வந்தது. ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மறுநாள் உச்சி வெயிலில் நானும் கையை நீட்டி நூறு எண்ணிவிட்டு உள்ளே ஓடினேன். அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் ஒன்றுமில்லை.

"சரி, ரெண்டு பேரும் ஒண்டுதான்," என்றேன். அவளும் தலையாட்டினாள்.

நான் பாட்டுக்குத் தூங்கும்போதே என் கை அந்த நூறையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிடும், அவள் கைக்குள் நூறும் அப்படியே கிடக்கும் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. நாற்பது என்று சொல்லிவிட்டதால் அவளுக்கு அறுபது எண்ணிக்கையாவது குறைந்திருக்கும் என்றே நம்பினேன்.