எட்டு மணிப் பங்கஜவல்லி

மாமியார் பாலையே திருப்பி அனுப்பியவள். சுகுணாவைப் பற்றி யார் விசாரித்தாலும் எங்கள் ஊரில் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அதாவது, சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது வேறு சொல்கிறார்கள்.

எங்கள் ஊர் ஈச்சங்கொட்டாய். மொரப்பூரிலிருந்து வருகிற டவுன் பஸ் இங்கே வந்துதான் திரும்பும். மானாவாரி நிலம், வானத்தைப் பார்த்த பிழைப்பு. மழை ஏமாற்றினாலும் மாடு கைவிடாது என்பதால் வீட்டுக்கு ஒரு கறவையாவது இருக்கும். காலையும் மாலையும் அந்தப் பால் போய்ச் சேருகிற இடம் சொசைட்டி. அதற்குச் செயலாளர் சுகுணா. செயலாளர் என்றால் நாற்காலியும் மின்விசிறியும் என்று நினைத்துவிட வேண்டாம். பாலைச் சோதிப்பதும் அவள்தான், அளப்பதும் அவள்தான், சிமெண்ட் தரையைக் கழுவிவிடுவதும் அவள்தான்.

ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பன்னிரண்டாவது படித்திருந்தாள். புருஷன் மாது பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பண்டிகைக்கு வருவான், பண்டிகை முடிந்ததும் போவான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவள் மாமியார் கோவிந்தம்மாள் பால் கொண்டுவந்தாள். பாலில் மிதக்கவிடுகிற கண்ணாடி மீட்டரைச் சுகுணா போட்டாள். நல்ல பால் என்றால் அது மேலே நிற்கும், தண்ணீர் கலந்திருந்தால் அமிழும். அன்று அமிழ்ந்தது.

"அத்தே, இத வூட்டுக்குக் கொண்டுபோயி கன்னுக்குட்டிக்கு ஊத்துங்க" என்றாள். பின்னால் வரிசையில் ஊரே நின்றுகொண்டிருந்தது.

கோவிந்தம்மாள் அந்த வருசப் பொங்கல் வரைக்கும் மருமகளோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எவருக்கும் பாலில் தண்ணீர் ஊற்றத் துணிச்சல் வரவில்லை. தன் வீட்டுப் பாலை எல்லாரும் பார்க்கிற மாதிரி கடைசியில்தான் சுகுணா ஊற்றுவாள். என் தையல் கடை சொசைட்டிக்கு நேர் எதிரில். மிஷினை மிதித்துக்கொண்டே இத்தனை வருசமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இந்தப் பேர் ஒன்றுதான் அவள் சம்பாதித்தது.

பிறகு அந்தச் சீரியல் வந்தது.

எட்டு மணிச் சீரியல் என்றால் எங்கள் ஊரில் பேர் கேட்க மாட்டார்கள். ஒன்றுதான். வெண்குடம் பால் கம்பெனி வழங்குகிற சீரியல் அது. கதாநாயகி பைரவி, ஏழை வீட்டுப் பெண், பால் கம்பெனி முதலாளி வீட்டு மருமகளாகப் போகிறாள். விவசாயிகளிடம் நேரடியாகப் பால் வாங்கி அவர்களை வாழவைக்க வேண்டும் என்பது அவள் லட்சியம். அவளுக்கு எதிரி பங்கஜவல்லி. பெரிய மூக்குத்தி, பெரிய பொட்டு, கிராமத்துப் பால் சொசைட்டியின் செயலாளர். ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குடத்தில் தண்ணீரைக் கவிழ்ப்பாள், மூட்டையைப் பிரித்து யூரியா கொட்டுவாள். அப்போது ஒரு மேளம் அடிக்கும் பாருங்கள், தெருவே அதிரும். அவள் பாலைக் குடித்த குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள். பைரவி வீட்டு மேசையில் நீல நிறப் பாக்கெட் இருக்கும். இடைவேளையில் வருகிற விளம்பரத்திலும் அதே நீலம்.

ஊரே பார்த்தது. பைரவி போடுகிற மாதிரி கையில் மடிப்பு வைத்த ப்ளவுஸ் எத்தனை தைத்தேன் என்று எனக்கே தெரியாது. சுகுணாவும் ஒன்று தைத்துக்கொண்டாள். அவளும் ஒருநாள் விடாமல் பார்த்தவள்தான். "இவ நாசமாத்தான் போவா" என்று பங்கஜவல்லியைத் திட்டிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பாள்.

ஒருநாள் காலையில் குள்ளம்மாள் பால் ஊற்ற வந்தாள். இரண்டு மாடு வைத்திருக்கிற கைம்பெண், வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் கிடையாது. மீட்டர் போடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள், "ஏண்டி பங்கஜவல்லி, பாத்துப் போடுடி."

வரிசை சிரித்தது. சுகுணாவும் சிரித்தாள். "ஆமாக்கா, யூரியா மூட்ட உள்ளதான் இருக்குது" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். அன்று அது வெறும் விளையாட்டு.

பட்டப்பேர் எங்கள் பக்கத்தில் கருவேல முள்ளைப் போல. ஏறினால் இறங்காது. சின்னப் பிள்ளைகள் சொசைட்டி வாசலில் நின்று அந்த மேளத்தை வாயாலேயே அடித்தார்கள். பெரியவர்கள் சிரித்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே அவள் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சீரியலில் பங்கஜவல்லி ஊராருக்குப் பால் விற்கும்போது லிட்டர் அளவைக்குள் கட்டைவிரலை விட்டுக் குறைத்து அளப்பாள். சுகுணா கட்டைவிரலை வெளியே நீட்டிக்கொண்டு அளக்கப் பழகினாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே. எனக்கு அதைப் பார்த்தபோதுதான் முதல் தடவையாக மனசு சங்கடப்பட்டது.

மாரியம்மன் பண்டிகையில் ஒரு குழந்தை கண்டதைத் தின்று வாந்தி எடுத்தது. போண்டா, ஐஸ், பஞ்சு மிட்டாய் என்று அது தின்னாதது இல்லை. அதன் அம்மா சொன்னாள், "காலைல சொசைட்டிப் பாலு குடிச்சிதுங்க." அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தை ஊர் சொல்லிக்கொண்டது. பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள். இவளோ பால் குடத்தடியிலேயே நிற்கிறவள்.

வெண்குடம் கம்பெனி எங்கள் ஊருக்கு வந்தது அதற்குப் பிறகுதான். வயிற்றைக் கலக்கிவிட்டு மருந்தோடு வருவதில் ஒரு நேர்த்தி இருக்கிறது, பாராட்டத்தான் வேண்டும். கொள்முதல் அதிகாரி ஆரோக்கியராஜ் முதலில் சுகுணாவைத்தான் பார்த்தார். நல்ல மனிதர், 'ங்க' போடாமல் பேச மாட்டார்.

"நீங்களே ஏஜெண்டா இருங்கம்மா. உங்களுக்கு அனுபவம் இருக்குதுங்க."

"அப்ப சொசைட்டி?"

அவர் விலைப் பட்டியலை எடுத்து நீட்டினார். அவள் முடியாது என்றாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போய் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஷெட் போட்டார். பாலில் கொழுப்பை அளந்து சொல்ல, பெட்டி போல ஒரு மிஷின் வந்தது. திறப்பு விழாவுக்குப் பைரவியே வருகிறாள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அன்று யாரும் காட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் இல்லை. சுகுணாவும் மடிப்புக் கை ப்ளவுஸைப் போட்டுக்கொண்டு வந்தாள். "போட்டிக் கடைத் தெறப்புக்கு நீ எதுக்கு வர?" என்றேன்.

"பைரவியப் பாக்கத்தாங்க்கா" என்றாள். கண்ணில் அப்படி ஒரு ஆசை.

பைரவி கார் கதவைத் திறந்து இறங்கியதும் கூட்டம் அலறியது. டிவியில் பார்த்ததைவிடச் சின்னப் பெண். மேடை ஏறி மைக்கைப் பிடித்து, கையில் இருந்த அட்டையை ஒருதரம் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு சந்தேகம். உங்க ஊர்ல பங்கஜவல்லி யாரு?" என்றாள்.

எல்லா ஊரிலும் கேட்பதாக இருக்கும். வேறு ஊர்களில் ஓவென்று கத்திவிட்டு விட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் கை நீண்டது. முதல் கை குள்ளம்மாளுடையது. "இதா இருக்கறா! இவதான்!" என்று கத்தினாள். பிறகு எல்லாக் கையும். கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள். சுகுணா மேடையில் நின்றாள்.

பைரவி அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். "இனிமே தண்ணி கலக்காதீங்க அக்கா, பிள்ளைங்க பாவம்" என்றாள், சீரியலில் பேசுகிற அதே குரலில். அந்த மேளத்தையும் ஸ்பீக்கரில் போட்டார்கள். அங்கே சிரிக்காதவர் ஒருவரும் இல்லை. சுகுணாவும் சிரித்தாள். ஆசைப்பட்டவள் அணைத்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்வாள்? கீழே இறங்கி வந்தபோதும் உதட்டில் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. கண்தான் கலங்கிவிட்டது.

கம்பெனிக்காரர்கள் அதை வீடியோவாகப் போட்டார்கள். மாதுவுக்குப் பெங்களூரில் கூட வேலை செய்கிறவன் காட்டியிருக்கிறான். போன் பண்ணி, "நெசமாவே எதுனா பண்ணியா?" என்று கேட்டானாம். ஊர் கேட்டதை அவள் தாங்கிக்கொண்டாள். இதைச் சொல்லும்போது என் கடையில் உட்கார்ந்து அழுதாள். ஆரோக்கியராஜ் மட்டும் நேரில் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, அது ஸ்கிரிப்டுங்க" என்று வருத்தப்பட்டார். அவள் வீடியோவை நீக்கச் சொன்னதற்கு, அது மேலிடத்துச் சமாச்சாரம் என்றார்.

ஷெட்டில் லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே கொடுத்தார்கள். பால் அந்தப் பக்கம் திரும்பியது. சொசைட்டியில் கேன் நிறையவில்லை. குளிரூட்டும் நிலையத்துக்குப் பால் எடுக்க ஊருக்குள் வந்துகொண்டிருந்த வண்டி, மெயின் ரோட்டில் கொண்டுவந்து வைத்தால் எடுப்போம் என்றது. அவள் அரைக் கேனை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். வழக்கம் மாறாமல் காலையும் மாலையும் திறந்தாள், தரையைக் கழுவினாள். ஒருநாள் குள்ளம்மாள் வீட்டுக்கே போய், ஏன் பால் ஊற்ற வருவதில்லை என்று கேட்டிருக்கிறாள்.

"நீ நல்லவதான்டி, எனக்குத் தெரியாதா?" என்றாளாம் குள்ளம்மாள். "ஆனா தெனம் ராத்திரி அவளப் பாத்துட்டு, காலைல ஒம் மொகத்தப் பாத்தா மனசு வரமாட்டேங்குது." சொல்லிவிட்டு டீயும் போட்டுக் கொடுத்தாள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வாயையாவது எதாவது செய்யலாம், கண்ணை என்ன செய்வது?

கோடை வந்ததும் சொசைட்டியில் கேன் இன்னும் இளைத்தது. அடுத்த மழைக்காலத்தில் கம்பெனி விலையை இறக்கியது. கேட்டால் மிஷினைக் காட்டினார்கள். மிஷின் கொழுப்பு குறைவு என்றது. மிஷினை யார் திட்ட முடியும்? அதற்கு மூக்குத்தியா இருக்கிறது? ஊர் உள்ளுக்குள் முணுமுணுத்தது. ஆனால் கம்பெனி ஏமாற்றுகிறது என்று வாய்விட்டு ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் பைரவியைச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் சீரியல் முடிந்தது. கடைசி நாள் பங்கஜவல்லி திருந்தினாள். மழையில் நனைந்துகொண்டு வந்து பைரவி காலில் விழுந்து, "நான் பண்ணின பாவத்த மன்னிச்சிரு தாயி" என்று கதறினாள். பைரவி அவளைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டாள். எங்கள் தெருவில் மூக்குச் சிந்தாத வீடு இல்லை.

மறுநாள் காலையில் குள்ளம்மாள் சொசைட்டிக்கு வந்தாள். பின்னால் ஏழெட்டுப் பேர், கையில் தூக்குப்போசியும் கேனும். என் கடை வாசலிலிருந்து எல்லாம் கேட்டது.

"போனது போவட்டும்டி சுகுணா" என்றாள் குள்ளம்மாள். குரலில் அப்படி ஒரு கனிவு. "மனுசி தப்புப் பண்றது சகஜம். நாங்கல்லாம் ஒன்ன மன்னிச்சிட்டோம். இனிமே இங்கயே ஊத்தறோம்."

நான் மிஷினை நிறுத்திவிட்டேன். பழைய சுகுணாவாக இருந்தால் போசியைத் தூக்கி எறிந்திருப்பாள். எதுக்கு மன்னிக்கறீங்க, நான் என்ன பண்ணினேன் என்று கேட்டிருப்பாள். கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். ஒருவர் முகத்திலும் கேலி இல்லை. உண்மையாகவே மன்னித்திருந்தார்கள். அந்த முகங்களோடு எங்கே போய்ச் சண்டை போடுவது?

"சரிக்கா" என்றாள்.

குள்ளம்மாளின் பாலில் சுகுணா மீட்டரைப் போட்டாள். அது மெல்ல அமிழ்ந்தது. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள், குள்ளம்மாளும் பார்த்தாள். மாமியாரைத் திருப்பி அனுப்பிய இடம் அதே சிமெண்ட் தரைதான்.

"என்னாடி பாக்கற, ஊத்து" என்றாள் குள்ளம்மாள். அதட்டலாகக்கூடச் சொல்லவில்லை.

சுகுணா மீட்டரை எடுத்துத் துடைத்தாள். பாலைக் கேனில் ஊற்றினாள். அடுத்த ஆளைப் பார்த்துக் கை நீட்டினாள்.

மாலையில் அவளைக் கேட்டேன், ஏன் வாங்கினாய் என்று. "மன்னிச்சி வுட்டவங்களத் திருப்பி அனுப்ப முடியுமாக்கா?" என்றாள். "நான் சொன்னா பங்கஜவல்லி நாயம் பேசறான்னு சிரிப்பாங்க. அலுத்துப்போச்சுக்கா." பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

அந்த வரிசையில் நின்றவர்கள் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டு போனார்கள். அடுத்தடுத்த நாட்களில் மீட்டர் எல்லார் பாலிலும் அமிழ்ந்தது. கொஞ்ச நாளில் குளிரூட்டும் நிலையத்திலிருந்து கேன்கள் திரும்பி வந்தன, ஈச்சங்கொட்டாய்ப் பாலில் தண்ணீர் என்று. சுகுணா மெயின் ரோட்டிலிருந்து நிறைந்த கேன்களோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஊர் கூடி நின்று பார்த்தது.

குள்ளம்மாள் என் கடை வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு நிஜமாகவே வருத்தம்.

"பாத்தியா" என்றாள். "மன்னிச்சி வுட்டும் திருந்தலையே."