மேல்மாடியில் இல்லாத தூண்கள்

அந்தக் கிழவரை எனக்கு முதல்நாளே பிடிக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் நடுப்பகுதி, நான் இலங்கையிலிருந்து சுவிஸுக்கு அகதியாக வந்த புதிது. சூரிச்சுக்குத் தெற்கே, ஆற்றோரம் இருந்த பழைய நூற்பாலை ஒன்றைக் களஞ்சியமாக வைத்திருந்தார்கள். நான் அங்கே கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியராம். அந்த ஆலையைக் கட்டிய ஜெர்மன்காரரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். சீக்கிரத்தில் ஆலையை இடிக்கப்போகிறார்களாம். துடைப்பவனிடம் எதற்கு இந்தக் கதையெல்லாம்?

ஆனாலும் கதை சொன்னார். கட்டடக் கலைஞர் ஒரு கல்தச்சரின் மகன். இயந்திரங்கள் புதிதாக வந்த காலத்தில் ரைன் நதியைக் கடந்து வந்து, ஆலை முதலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்தவர். மரத்தூண் தீப்பிடிக்கும் என்று இரும்புத் தூண் நட்டவர். அவருடைய வரைபடங்கள் எல்லாம் தீயில் போய்விட்டன.

“ஏன் ஊரை விட்டு வந்தார், அங்கே என்ன வேலை செய்தார், ஒன்றும் தெரியவில்லை” என்றவர், அதே மூச்சில் என்னைக் கேட்டார்: “நீங்கள் ஊரில் என்ன வேலை செய்தீர்கள்?”

ஊரில் நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கட்டட வரைபடம் கீறும் படவரைஞன். அகதி விசாரணையில் சொன்னதோ புகையிலைத் தோட்டக்காரன் என்று. அரச உத்தியோகம் என்றால், சம்பளம் தந்த அரசாங்கம் உன்னை ஏன் கொல்லும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது பக்கத்து ஊரான அட்லிஸ்வில்லில் நாங்கள் அகதிகள் ஐந்து பேர் இருந்த அறையில் சோறு வடிக்கும்போது முடிவான சட்டம். என் வழக்கின் முடிவு இன்னும் வந்திருக்கவில்லை.

“புகையிலை” என்றேன்.

அடுத்த கிழமை புத்தி கெட்டுப்போனது. கீழ்மாடியை அவர் வரைந்திருந்த தாளில் ஒரு பிழை. பென்சிலை வாங்கித் திருத்திவிட்டேன், கைப்பழக்கம். அவர் என் விரல்களையே பார்த்தார். தனக்கு முழங்கால் வலி, படியேற முடியாது, மேல்மாடியை நான்தான் அளந்து வரைந்து தரவேண்டும் என்றார்.

அறையில் சொன்னதும் கூட இருந்தவன் பாய்ந்தான். “அண்ணை, உவன் வாத்தியும் இல்லை, ஒண்டும் இல்லை. பொலிஸ் அனுப்பின ஆள். வடிவாய்க் கீறிக் குடுத்தியளோ, துலைஞ்சியள்!”

“கீறாட்டில் இன்னும் சந்தேகப்படுவானே?”

“அப்ப தோட்டக்காரன் மாதிரிக் கீறுங்கோ.”

மேலே போனவன் வாயைப் பிளந்து நின்றேன். அவ்வளவு பெரிய கூடத்தின் நடுவில் ஒரு தூண்கூட இல்லை. கூரையின் பாரம் முழுவதையும் மெல்லிய இரும்புக் கம்பிகளால் சுவருக்குச் சுவர் இழுத்துப் பிடித்திருந்தார் அதைக் கட்டிய மனுசன். அந்தக் காலத்தில், அந்த இரும்பில்! தூண் இல்லை என்று காட்டினால் கூரை எப்படி நிற்கிறது என்று கிழவர் கேட்பார். பதில் சொன்னால் அகப்படுவேன். கீழே இருந்த தூண்களை அப்படியே மேலேயும் நட்டு, கோணல்மாணலாகக் கீறிக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொன்னார். பொலிஸ் ஆள், நல்ல நடிகன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆலையை இடித்தார்கள். எனக்கு நாட்டில் தங்க அனுமதி கிடைத்தது. பிறகு ஒருநாள் தபாலில் புத்தகம் வந்தது. அவர் ஆசிரியர்தான்.

என் படத்தை முழுப்பக்கத்தில் போட்டிருந்தார். கீழே செய்ததையே மேலேயும் செய்தவர், கடும் உழைப்பாளி, ஆனால் சொந்தமாக எதையும் யோசிக்காதவர் என்று, அந்தப் படத்தை வைத்தே கட்டடக் கலைஞரைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருந்தார். கடிதம் எழுத உட்கார்ந்தேன். தூண்கள் பொய் என்று எழுதினால், நான் ஏன் பொய்யாகக் கீறினேன் என்றும் எழுதவேண்டும். கொடுத்த அனுமதியைப் பறிக்கமாட்டார்கள் என்று யார் கண்டது? கிழித்துப் போட்டேன். நாலைந்து தடவை அப்படி.

இரண்டு வருடம் கழித்து ஆசிரியர் இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் எழுதியிருந்தாள். வாசித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி.