மஸ்கட் லைசென்ஸும் பெங்களூர் வண்டியும்

எங்கள் வீட்டில் எனக்குத் தெரியக்கூடாத விஷயம் என்றால் பேச்சு சட்டென்று கன்னடத்துக்குத் தாவிவிடும். நான் மதுரைப் பக்கத்துக்காரி. கணவர் வீட்டாருக்கோ ஓசூர் எல்லையில் பிறந்து வளர்ந்ததால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. அன்று எனக்குக் கார் பார்க்கப் போன வழியெல்லாம் கணவரும் அவர் தம்பியும் கன்னடத்திலேயே பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

மஸ்கட்டிலிருந்து திரும்பி ஓசூர் பக்கத்து உத்தனப்பள்ளியில் குடியேறிய புதிது. கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் எனக்கு லேப் வேலை கிடைத்திருந்தது. சீசனில் இருட்டிய பிறகுதான் ஷிப்ட் முடியும். பஸ்ஸை நம்பினால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். மஸ்கட்டில் தினமும் நானே ஓட்டித்தான் வேலைக்குப் போனேன். அந்த ஊர் லைசென்ஸ் இன்னும் என் பையில் இருந்தது. ஆனால் இங்கே குடியிருந்து ஓட்ட அது செல்லாது, எல்.எல்.ஆரிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.

“அது ஒட்டகம் ஓட்ற ஊரு லைசென்சு அண்ணி” என்று கொழுந்தனார் சிரிப்பார். அவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. லீவு நாளில் பெங்களூரிலிருந்து பழைய கார்களைக் கொண்டுவந்து விற்றும் கொடுப்பார். அதனால் எனக்குக் கார் பார்க்கும் பொறுப்பு அவர் கைக்குப் போனது, என்னைக் கேட்காமலேயே.

ஓசூருக்கு வெளியே, வீடுகள் எழும்பாத ஒரு மனைப்பிரிவில் வண்டி நின்றது. கர்நாடகா நம்பர். வெள்ளை நிறம். பளபளவென்று இருந்தது.

“ஒரு டாக்டரம்மா வெச்சிருந்தது அண்ணி. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் ஓட்டுனாங்க” என்றார். விற்பனைக்கு வரும் எந்தப் பழைய காரையும் டாக்டரைத் தவிர வேறு யாரும் ஓட்டியதாக நான் கேட்டதில்லை. கதவைத் திறந்தால் குப்பென்று மல்லிகை வாசனை. கண்ணாடியில் ஒரு சென்ட் புட்டி, டேஷ்போர்டில் இன்னொன்று. இவ்வளவு வாசனை எதை மறைக்க என்று என் மூக்கு விடைத்துக்கொண்டது.

மனைப்பிரிவுக்குள் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். முதல் திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டேன், வைப்பர் ஓடியது. மஸ்கட்டில் ஸ்டியரிங்கும் இடப்பக்கம், இண்டிகேட்டரும் இடப்பக்கம்; இங்கே இடப்பக்கம் இருப்பது வைப்பர். பழகிய கை அங்கேதான் போகும். வெயிலில் வைப்பர் கறக் கறக்கென்று கண்ணாடியைத் தேய்க்க, பின்சீட்டில் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை ஓரங்கட்டினேன்.

மஸ்கட்டில் நான் வாங்கிய முதல் கார் வெள்ளத்தில் முழுகி எழுந்தது. தெரியாமல் வாங்கி, பாலைவனச் சாலை நடுவில் நின்று பட்டிருக்கிறேன். அதில் கற்றது ஒன்று: விற்பவர்கள் சீட்டைக் கழுவுவார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள், சீட் பெல்ட்டை அடிவரை இழுத்துக் கழுவ மட்டும் மறந்துவிடுவார்கள்.

பெல்ட்டை இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. அடிப்பகுதி முழுக்கச் செம்மண் கறை. விரலால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது.

“இது என்ன தம்பி? டாக்டரம்மா ஏரிக்குள்ள ஆஸ்பத்திரி வச்சிருந்தாகளா?”

கொழுந்தனார் மண்ணைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். நானும் கணவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. வழியெல்லாம் கன்னடத்தில் பேசியது இதைத்தான் என்று அப்போது புரிந்தது.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா இன்னா இப்போ? பெங்களூர் மழைல கொஞ்சம் தண்ணி பூந்துச்சு. உனுக்கு கார் வேணும்னு ஆசை, வாங்கித் தரேன். நீ எங்க ஓட்டப் போற? வாசல்ல நிக்கப்போற வண்டிதானே?”

ஏமாற்றியதைக் கூடப் பொறுத்திருப்பேன். வாசலில் நிற்கப் போகிறது என்று முடிவே கட்டிவிட்டாரே, அதுதான் நெஞ்சில் தைத்தது. சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கினேன். மெயின் ரோடு வரை நடந்து பஸ் பிடித்தேன்.

மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். லைசென்ஸ் கைக்கு வந்ததும் எனக்கான காரை நானே தேடினேன். எந்த வண்டியைக் காட்டினாலும் விலை கேட்பதற்கு முன் பெல்ட்டை இழுத்தேன். கடைசியில் ஒன்று சுத்தமாக வந்தது.

இப்போது தினமும் அதில்தான் கிருஷ்ணகிரிக்குப் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் சாவி கேட்பார். “எங்க போகணும், சொல்லுங்க. நானே கொண்டாந்து விடுறேன்” என்பேன். சாவியை மட்டும் இன்னும் கொடுத்ததில்லை.